பாக்கெட் பார்க்கிறவள்

ஜூன் 16

பூனைக்கு,

அண்ணன் எழுதுவது. நேற்றுதான் சுரங்கத்துக்குள் கால் வைத்தேன். விடுப்பு முடிந்து மே முப்பத்தொன்றாம் தேதி கிளம்பிய ஆள் இத்தனை நாள் என்ன செய்தான் என்று கேட்பாய். சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் உடல் பரிசோதனை, பிறகு வெடி வைக்கும் இடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்ற பாடம், பிறகு மண் சரிந்து பாதை அடைப்பு. ஆனால் ஆபீஸ் தாளில் ஜூன் ஒன்றிலிருந்தே என் கணக்கு ஓடுகிறது. தொண்ணூறு நாள் ஆனால் அடுத்த விடுப்பு. பாறையைத் தொடாத பதினான்கு நாளும் அதில் சேர்த்தி. "பேர் எழுதின நாள்தான் முதல் நாள்" என்றார் கிளார்க். வலிய வருவதை நான் ஏன் வேண்டாம் என்பேன்?

இங்கே போன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். வெடி இருக்கும் இடம் என்பதால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு லாரி, அதில் வருகிற கடிதம், அவ்வளவுதான் எங்களுக்கும் உலகத்துக்கும் தொடர்பு. அதனால்தான் கேட்கிறேன். உன் அண்ணியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் நாலு வரி. நலம், வேலை அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் நாலு பக்கம் எழுதுவாள். சலவைக்கூடத்தில் முதலாளியம்மா தும்மியதைக்கூட விடமாட்டாள். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டு வந்தேனா, இல்லை அங்கே ஏதாவது நடக்கிறதா?

உனக்கு வாய் கிடையாது. கண் உண்டு. உன் வேலையே அடுத்தவர் பாக்கெட்டைப் பார்ப்பதுதானே. வீட்டிலும் கொஞ்சம் பார்த்து எழுது. அவளிடம் சொல்லாதே.

அண்ணன்


ஜூன் 24

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

என் வேலையைக் கேலி செய்திருந்தீர்கள். துணி தொட்டியில் விழுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்ப்பேன். கிடைப்பதை எண் போட்ட உறைக்குள் வைத்து, மேலே என்ன பொருள் என்று மட்டும் எழுத வேண்டும். தாளாக இருந்தால் பிரிக்கக் கூடாது. பிரித்தால் வேலை போய்விடும். "கை பார்க்கணும், கண்ணு பார்க்கக் கூடாது" என்று முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். நீங்கள் கேட்பது அதற்கு நேர்மாறு.

இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கும் மனதில் ஒரு குறை இருக்கிறது.

அண்ணி கறை மேசையை விட்டுவிட்டார். நாலு வருடமாக அது அவருடைய இடம். மைக்கு எது, துருவுக்கு எது, எண்ணெய்க்கு எது என்று எல்லா மருந்தும் அவருக்குத்தான் தெரியும். இப்போது வேறொருத்தி அங்கே நின்று நல்ல சட்டைகளை ஓட்டையாக்கிக்கொண்டிருக்கிறாள். அண்ணி தானாகவே கேட்டு மடிக்கிற மேசைக்குப் போய்விட்டார். அது பின்வாசல் பக்கம், வேன் வந்து நிற்கிற இடம். முதலாளியம்மா ஏன் சம்மதித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வாரத்தில் மூன்று நாளாவது வேன்காரர் அண்ணியை வீட்டில் இறக்கிவிடுகிறார். எனக்கு வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், நான் பஸ்ஸில் வருகிறேன். வந்து பார்த்தால் அண்ணி தூங்கிக்கொண்டிருக்கிறார். ஏழு மணிகூட ஆகியிருக்காது.

காலையில் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அரை மணி நேரம் வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்கினால் என்னைத் திட்டுகிறவர் அவர்தான். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். என்ன அண்ணி என்றால், சோப்பு பட்டது என்பார்.

சனிக்கிழமை அரை நாள் லீவில் நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். நூல் வரவில்லை.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் எனக்குத் தலை பின்னி விடுவது அண்ணிதான். இரண்டு வாரமாகக் கிடையாது. "நீயே பின்னிக்கோ பூனை, உன் எண்ணெய் வாசனை எனக்கு ஆகல" என்கிறார். அதே எண்ணெய்தான், அவர் வாங்கித் தந்ததுதான். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

பூனை


ஜூன் 28

பூனை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. துளை போடும் இயந்திரத்தை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குழாய்த் தண்ணீர் அரை மணி நேரம் ஓடுகிறதென்றால், அந்தச் சத்தத்துக்குள் யாரோடோ போன் பேசுகிறாள் என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள மலையைக் குடைய வேண்டியதில்லை. வேன்காரன் எவன்? நான் வந்திருந்தபோது பெரிய மீசையோடு விசிலடித்துக்கொண்டு மூட்டை இறக்கினானே, அவனா? நெருப்பில்லாமல் புகையாது.

என்னோடு துளை போடுகிற ஆள் ஒருவன் இருக்கிறான். ஒரு தடவை விடுப்பில் வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டுத் தொங்கியதாம். அவள் கடிதம் நாலு வரியாகிவிட்டது என்று இவனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "எனக்கும் நாலு வரியிலதான் ஆரம்பிச்சுது" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு இயந்திரச் சத்தத்திலும் காதில் விழுகிறது.

அதிருக்கட்டும், உன் கடிதத்தை யார் கையில் கொடுத்து அனுப்புகிறாய்? எங்கள் போர்வைகளை வெளுத்து எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை எங்கள் லாரி கிளம்புகிற டிப்போவுக்கு வருகிறவன் அவன்தானே. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. இனிமேல் ஏழாம் எண் போர்வை மடிப்புக்குள் கடிதத்தை வை. அது என் போர்வை.

இன்னொன்று. என் நீல ஸ்வெட்டரை விட்டுவிட்டு வந்தேன். தலையணைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்று அவள்தான் கேட்டு வாங்கினாள். அது எங்கே இருக்கிறது பார்.

அண்ணன்


ஜூலை 8

அண்ணாவுக்கு,

போன வாரம் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

முதலில் ஏழாம் எண் போர்வை. மடிப்புக்குள் வைக்கிறேன், சரி. மூட்டையைத் தோளில் தூக்கி வேனில் ஏற்றுவதும் வேன்காரர்தான். "இந்த மூட்டை மட்டும் கனமா இருக்கே, யாரோட மனசு உள்ள இருக்கு?" என்று கேட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே போனார். விளையாட்டுக்குக் கேட்டாரா, தெரிந்து கேட்டாரா என்று இன்றுவரை புரியவில்லை.

ஸ்வெட்டர் தலையணைப் பக்கத்தில் இல்லை. அலமாரியிலும் இல்லை. பரணில் இருந்தது, பழைய வாளிக்குப் பின்னால், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொன்று நடந்தது. அண்ணி படுக்கை விரிப்பைக் குளியலறையில் கையால் துவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள், வீட்டுத் துணியும் அங்கேதான் போகிறது. நான் விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, "வெளியே போ" என்றார். அண்ணி என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மறுநாள் காலையில் வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. அண்ணி ஏறிப் போனார். மத்தியானம் திரும்பி வந்து படுத்தவர் ஞாயிறு முழுவதும் எழுந்திருக்கவில்லை. ஆனால் முகம் மட்டும் தெளிந்திருந்தது. அதுதான் எனக்கு அதிகச் சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை எல்லோருடைய ஏப்ரன்களும் என் மேசைக்கு வந்தன. அண்ணியின் ஏப்ரன் பாக்கெட்டில் நாலாக மடித்த ஒரு தாள். உறை எண் நாற்பத்தொன்று எழுதினேன். "தாள் ஒன்று" என்றும் எழுதினேன். பிறகு பிரித்தேன். இரண்டு வருட வேலையில் முதல் தடவையாக என் கண்ணும் பார்த்தது.

அண்ணா, அது ஒரு கிளினிக் சீட்டு. அண்ணியின் பெயர். தேதி ஜூலை நாலு. கர்ப்பம், எட்டு வாரம். இதயத் துடிப்பு இருக்கிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் துணிக் குவியலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அழுக்குச் சாக்ஸ் வாசனைகூடத் தெரியவில்லை.

நீங்கள் அப்பா. நான் அத்தை. இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் மறைக்கிறார் என்பதுதான் புரியவில்லை. தாளை மறுபடி மடித்து உறையில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன். உறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பூனை அத்தை


ஜூலை 12

பூனை,

நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்போடு நின்றவள், உனக்கு எண்ணத் தெரியவில்லை. நான் எண்ணிச் சொல்கிறேன்.

ஜூலை நாலிலிருந்து எட்டு வாரம் பின்னால் போ. மே ஒன்பது. நான் வாசலில் வந்து பெட்டியை வைத்தது மே இருபது. அதற்கு முன்னால் பிப்ரவரியிலிருந்து இங்கேதான் இருந்தேன். சாக்பீஸால் பாறையில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். மேஸ்திரி அளவு குறிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். எத்தனை தடவை எழுதினாலும் பதினொரு நாள் இடிக்கிறது.

போன வருடம் வயிற்றுவலி என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவள் ஒரு வாரம் படுத்திருந்தாளே, நினைவிருக்கிறதா? அது வயிற்றுவலி இல்லை. ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அப்போதும் நான் இங்கேதான் இருந்தேன். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முகாம் முழுக்கச் சொல்லி மிட்டாய் கொடுத்தேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால் அதையுமே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தேதி மறந்துவிட்டது. மறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

என் ஸ்வெட்டரை மூட்டை கட்டிப் பரணில் போட்டவளுக்கு நான் எதற்கு?

இதோடு ஒட்டிய கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். அவள் கையில் கொடு. நீ படிக்க வேண்டாம். அதைப் படித்தால் அவளே தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். வழியில் நிற்காதே. நீ முதலாளியம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துகொள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூலை 22

அண்ணாவுக்கு,

எனக்கு எண்ணத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். நானும் எண்ணினேன். விரல் விட்டு, காலண்டரில், பிறகு பஸ் டிக்கெட்டின் பின்னால். மே ஒன்பதுதான் வந்தது. நானும் நம்பிவிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

இரண்டு நாள் அண்ணியிடம் பேசவில்லை. நான் வழக்கமாகவே பேசாதவள் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டிய கடிதம் என் ஏப்ரன் பாக்கெட்டில் இருந்தது. ஊரார் பாக்கெட்டில் எல்லாம் கையை விடுகிற எனக்கு என் பாக்கெட்டில் கை வைக்கப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மடிக்கிற மேசை வரை கொண்டுபோனேன். அண்ணி ஒரு தலையணை உறையைப் பாதி மடித்தபடி அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. கொடுக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணி நூல் வாங்கக் கிளம்பினார். அவர் வேனில் ஏறியதும், சீட்டில் பேர் பார்த்த கிளினிக்குக்கு நான் பஸ்ஸில் பின்னாலேயே போனேன். வேன் அந்தக் கிளினிக் வாசலில் நின்றது. அண்ணி உள்ளே போனார். வேன்காரர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். காதல் செய்கிறவர்கள் அப்படிக் குறட்டை விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அங்கேதான் முதல் தடவையாக உங்கள் கணக்கின் மேல் சந்தேகம் வந்தது.

நான் பள்ளியை ஏன் விட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள், வரவில்லை. அந்தக் கிளினிக்கில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நர்ஸ் மேசை முன்னால் போய் நின்றேன்.

"சத்தமா சொல்லும்மா, வாய்க்குள்ளயே பேசினா எப்படிக் கேக்கும்?" என்றார்.

"எட்டு வாரம்னு எழுதியிருந்தா, எந்த நாள்ல இருந்து எட்டு வாரம்?"

எல்லோரும் திரும்பினார்கள். ஒரு அம்மா என் வயிற்றையே பார்த்தார். நான் பையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். எனக்கில்லை, தெரிந்தவருக்கு என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது.

நர்ஸ் சிரிக்கவில்லை. "கடைசியா பீரியட் வந்துச்சே, அதோட முதல் நாள்ல இருந்து. கரு என்னிக்குத் தங்கிச்சுன்னு யாரால சொல்ல முடியும்? தெரிஞ்ச நாள் அது ஒண்ணுதான். அங்க இருந்து எண்ணுவோம். முதல் ரெண்டு வாரம் வயித்துல ஒண்ணுமே கிடையாது, கணக்கு மட்டும் ஓடும்" என்றார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு வட்ட அட்டைகளை எடுத்தார். மே ஒன்பதில் அம்புக்குறியை வைத்துக் காட்டினார். கரு தங்கக்கூடிய நாள் மே இருபத்து மூன்றை ஒட்டி விழுந்தது. அண்ணா, அன்று நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். கூரை ஒழுகுகிற இடத்தைச் சரிசெய்கிறேன் என்று ஏறி, இன்னொரு இடத்தில் ஓட்டை போட்டீர்கள்.

இதை ஒரு அண்ணனுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருக்க முடியாது. மே ஒன்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அண்ணி வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பீரியட் வந்த முதல் நாள் அவருக்கு எப்போதும் அப்படித்தான் வலிக்கும். கடைக்குப் போய் அவருக்கு வேண்டியதை வாங்கி வந்தது நான். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த கடைக்காரரை நிமிர்ந்து பார்க்காமல் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தேன், அதற்கு அண்ணி சிரித்தார். எண்ணத் தெரிந்தவர் நீங்கள். சாட்சி நான்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், இல்லை, அது என்னிடம் இருக்கிறது. பேர் எழுதின நாள்தான் முதல் நாள் என்று கிளார்க் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாறையைத் தொடாத பதினான்கு நாளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுவும் அதே கணக்குத்தான்.

நர்ஸ் ஒரு கையேடு கொடுத்தார். முதல் பன்னிரண்டு வாரத்தில் என்னென்ன இருக்கும் என்று. காலையில் வாந்தி. குழாய்ச் சத்தம் அதை மறைக்க. எந்நேரமும் தூக்கம். சின்ன விஷயத்துக்கும் அழுகை. நேற்றுவரை பிடித்த வாசனை இன்று குடலைப் புரட்டும். என் தலை எண்ணெய், உங்கள் ஸ்வெட்டர். மருந்து நெடி உள்ள இடத்தில் வேலை செய்யக் கூடாது. கறை மேசை. துளி ரத்தம் பட்டாலும் உடனே போய்க் காட்ட வேண்டும். படுக்கை விரிப்பு. நான் உங்களுக்கு எழுதிய குற்றப்பட்டியலை யாரோ எனக்கு முன்பே அச்சடித்து வைத்திருந்தது போல் இருந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று என்னைக் கேலி செய்வீர்கள். ஊரை இல்லை, வீட்டைக் கெடுக்க இருந்தேன்.

திரும்பினால் அண்ணி பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. வட்ட அட்டை இன்னும் நர்ஸ் கையில் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். "வா, போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

வேனில் முன் சீட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு வாளி. "உங்க அண்ணி என் வண்டிய ரெண்டு தடவை அபிஷேகம் பண்ணியாச்சு. மூணாவதுக்கு வாளி வாங்கிட்டேன்" என்றார் வேன்காரர். பஸ் குலுக்கலில் ஒரு நாள் அண்ணி மயங்கி நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம், அன்றிலிருந்து முதலாளியம்மாதான் வேனில் அனுப்புகிறார். வேன்காரருக்கு நாலு பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வயது கூட.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன தடவை உங்க அண்ணன் முகாம்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல சொல்லிட்டார். அப்புறம் இல்லேன்னு ஒவ்வொருத்தருக்கா அவரே சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை பன்னிரண்டு வாரம் ஆகட்டும். நானே உங்க அண்ணனுக்கு எழுதுவேன். அதுவரைக்கும் நீ எழுதாதே."

நான் தலையாட்டினேன். ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தையும் கேட்காமல் காத்திருங்கள்.

இதோடு ஒரு உறை. மேலே எழுதியிருப்பதை இங்கேயும் எழுதுகிறேன். எண் நாற்பத்திரண்டு. கிடைத்த பொருள்: ஒட்டிய கடிதம் ஒன்று. பிரிக்கப்படவில்லை. உரியவரிடம் திருப்பித் தரப்படுகிறது.

பூனை


ஜூலை 26

பூனை,

நாற்பத்திரண்டு வந்து சேர்ந்தது. சமையல் அடுப்பில் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தேன் என்று நீ கேட்காதே, என் காதுக்கே அது கேட்க வேண்டாம்.

பாறையில் எழுதிய தேதிகளை அழிக்கப் போனேன். அந்த இடமே இல்லை. மறுநாளே அதை வெடித்து அள்ளிவிட்டார்கள். சாக்பீஸை இன்னும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

உன்னை எண்ணத் தெரியாதவள் என்றேன். எழுதிய கையை என்ன செய்வது. நீ அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தாய் என்பதை இரண்டு தடவை படித்தேன்.

என்னோடு துளை போடுகிற அந்த நாலு வரி ஆளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பூட்டு அவனுக்கு.

இத்துடன் உன் அண்ணிக்கு ஒரு கடிதம். ஒட்டவில்லை. மழை, சாப்பாடு, என் கால் ஆணி, அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வாரம் வரை மலை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றே ஒன்று மட்டும். கிளினிக்கில் அவள் எவ்வளவு கேட்டாள்? என் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறதா? அவள் முகத்தைப் பார்த்து எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 5

அண்ணாவுக்கு,

பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் பார்த்து எழுத மாட்டேன். அந்த வேலை எனக்குச் சலவைக்கூடத்தில் மட்டும் போதும். அண்ணி தானாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமையோடு பன்னிரண்டு வாரம் முடிந்தது. நர்ஸ் அண்ணி வயிற்றில் கருவியை வைத்தபோது என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். தண்ணீருக்குள் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். வாந்தியும் குறைந்திருக்கிறது. நேற்றுக் காலை குளியலறையில் குழாய் ஓடவில்லை. அண்ணி வெளியே வந்து, எண்ணெய்ப் புட்டியை முகர்ந்து பார்த்து, மூஞ்சியைச் சுளித்து, ஆனாலும் எனக்குத் தலை பின்னி விட்டார். இறுக்கிப் பின்னினார், வலித்தது.

நேற்றுச் சாயங்காலம் உங்களுக்குக் கடிதம் எழுதி முடித்தார். நாலு பக்கம். ஒட்டுவதற்கு முன் முதல் பக்கத்தை என்னிடம் நீட்டி, "வாசி" என்றார். நான் மனதுக்குள் படிக்கத் தொடங்கினேன். "சத்தமா" என்றார்.

வாசித்தேன். அண்ணியும் நானும் மட்டும்தான் அறையில். முதல் நாலு வரி இதுதான்: உங்களுக்கு நல்ல செய்தி. பன்னிரண்டு வாரம். இதை மே ஒன்பதாம் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், நீங்கள் வந்தது இருபதாம் தேதி. நடுவில் இருக்கிற பதினொரு நாளை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் இப்படித்தான் எண்ணுவார்கள்.

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"ஏன் அண்ணி இதை முதல்ல எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அவர் எண்ணுவார்" என்றார். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். சட்டை மடிப்பது போல, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. "நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவர் எண்ணுவார்னு எனக்குத் தெரியாதா? போன தடவையும் எண்ணியிருப்பார். அதுக்குள்ள அது போயிடுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருப்பேன். ஏழாம் எண் போர்வை, பரண், நாற்பத்திரண்டு எல்லாவற்றையும். ஆனால் அவர் கேட்கவே இல்லை. பசை தடவி ஒட்டினார், என் கையில் கொடுத்தார், "வேன்காரர்கிட்டயே கொடு, போர்வைக்குள்ள ஒளிக்க வேண்டாம்" என்றார்.

போர்வை விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மடிக்கிற மேசையில் இருப்பவர் அவர். போர்வைகளை மடிப்பவரும் அவர்தான். நீங்களும் நானும் இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் முப்பதில் உங்களுக்குத் தொண்ணூறு நாள் ஆகிவிடும். வந்து நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நான் சுமந்தது போதும்.

உங்கள் ஸ்வெட்டர் இன்னும் பரணில்தான் இருக்கிறது. இறக்கித் தரவா என்று இன்று காலையில் கேட்டேன். வேண்டாம், வாசனை இன்னும் ஆகவில்லை என்றார். என் எண்ணெய் ஆகிவிட்டது, அது மட்டும் ஏன் ஆகவில்லை என்று நான் கேட்கவில்லை.

பூனை